மொட்டைக்குப் பாடம் எடுத்தவள்

ஐந்தாம் வகுப்பில் முப்பத்தொரு பிள்ளைகள். அத்தனை பேருக்கும் கணக்கு சொல்லிக்கொடுக்க ஒரே ஒரு டீச்சர். முப்பத்திரண்டாவதாக ஒரு ரோபோ வந்து இறங்கியபோது, 'இதையும் சேர்த்து மேய்க்கணுமா' என்றுதான் அவருக்கு முதலில் தோன்றியது.

ரோபோ முழங்கால் உயரம்தான். பால் வெள்ளை. தலை வழவழவென்று உருண்டையாக இருந்ததால் பெட்டியைப் பிரித்த நிமிடமே பிள்ளைகள் 'மொட்டை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். கம்பெனி வைத்த பெயர் நெற்றியில் எழுதியிருந்தது. அதை யாரும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

இந்த ரோபோ பாடம் நடத்தாது, பாடம் கேட்கும். அதுதான் இதில் விசேஷம் என்று பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். அது தப்புத் தப்பாகக் கணக்குப் போடும். பிள்ளை திருத்த வேண்டும். திருத்தத் திருத்த அது கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொள்ளும். அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுக்கும்போது பிள்ளைக்கே பாடம் பிடிபட்டுவிடும். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் அட்டை. அதை ரோபோவின் மார்பில் காட்டினால், அந்தப் பிள்ளை போனமுறை விட்ட இடத்திலிருந்து தொடங்கும். வாரத்துக்கு இரண்டு முறை, முறைக்குப் பன்னிரண்டு நிமிடம். வகுப்பின் பின்பக்கம் புத்தக அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடுக்கில் ஒரு மேசை போட்டு மொட்டையை உட்காரவைத்தார்கள்.

டீச்சருக்கு அதன்மேல் பெரிய நம்பிக்கை எதுவும் இல்லை. மிளகு விஷயத்தில்தான் அவர் அசந்துபோனார்.

மிளகு என்பது வீட்டில் வைத்த பெயர். ஆள் சின்னதாக, கறுப்பாக, தொட்டால் சுரீரென்று இருப்பாள் என்பதால் அவளுடைய அப்பா வைத்தது. அப்பா துணி ஆல்டர் பண்ணும் தையல்காரர். பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால் ஒரு கதவு அகலத்துக்குக் கடை. மூத்தவள் கணக்கில் நூற்றுக்கு நூறு. மிளகு நூற்றுக்குப் பதினெட்டு. "அக்காகிட்ட கேட்டுக்கோயேன்" என்று வீட்டில் எல்லோரும் சொல்லிச் சொல்லியே அவளுக்குக் கணக்கென்றால் அக்காவின் முகம் என்றாகிவிட்டது. வகுப்பில் கணக்கு ஆரம்பித்தால் பைக்குள் தலையை விட்டு எதையோ தேடுவாள். மணி அடிக்கும்வரை அந்தப் பொருள் கிடைக்காது.

அப்படிப்பட்டவள் மொட்டையின் முன்னால் போய் உட்கார்ந்த முதல் நாள், மொட்டை தன் புத்தகத் தமிழில் சொன்னது: "எட்டு நான்கைவிடப் பெரியது. ஆகவே எட்டில் ஒரு பங்கு, நான்கில் ஒரு பங்கைவிடப் பெரியது. நான் சொல்வது சரிதானே?"

மிளகு வாயைத் திறக்கவில்லை. ஏனென்றால் அவளும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். ஆனால் இந்த மொட்டைத் தலை அதை அவ்வளவு நிச்சயமாகச் சொன்னபோது அவளுக்கு ஏதோ உறுத்தியது. சாயங்காலம் அப்பாவின் கடையில் வெட்டுத்துணிக் குவியலுக்கு நடுவில் உட்கார்ந்து யோசித்தாள். அடுத்த முறை இரண்டு துணிப்பட்டைகளோடு வந்தாள்.

"இங்க பாரு மொட்ட. ரெண்டும் ஒரே நீளம், அளந்துதான் வெட்டுனேன். இத நாலா வெட்டறேன். இத எட்டா வெட்டறேன். இப்ப ஒரு துண்டு எடு. எது பெருசு?"

மொட்டையின் கண்கள் நீலமாக ஒளிர்ந்தன. "எட்டாக வெட்டினால் அதிகத் துண்டுகள் கிடைக்கின்றன. ஆகவே அதுதான் பெரியது."

"அட லூசு! துண்டு நெறைய, ஆனா ஒவ்வொண்ணும் பொடிசு. எட்டு பேருக்குச் சட்டை தெக்கணும்னா ஒருத்தனுக்குக் கைக்குட்டைதான் வரும். புரியுதா?"

அலமாரிக்கு இந்தப் பக்கம் நின்றிருந்த டீச்சருக்கு நோட்டு திருத்துகிற பேனா அப்படியே நின்றுவிட்டது. நான்காம் வகுப்பிலும் அவரே கணக்கு டீச்சர்; இரண்டு வருடமாக இந்தப் பெண்ணிடமிருந்து 'தெரியல டீச்சர்' என்பதைத் தவிர வேறு வாக்கியம் அவர் கேட்டதில்லை.

ஆறு வாரம். மொட்டை முதலில் எல்லாவற்றையும் தப்பாகச் சொன்னது. பிறகு பாதி தப்பாக. ஆறாவது வாரம் மிளகு எதைக் கேட்டாலும் சரியாகச் சொன்னது. "நீ கற்றுக்கொடுத்ததால்தான் எனக்குப் புரிந்தது" என்று தலையை ஆட்டியது. மிளகு வகுப்பு முழுக்கச் சுற்றி வந்து, "என் மொட்ட பாஸாயிட்டான்" என்று சொன்னாள். பரீட்சையில் அவளுக்கு அறுபத்தேழு. அன்று டீச்சர் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் மனசுக்குள் அந்த எண்ணைச் சொல்லிக்கொண்டே போனார்.

பிறகு இரண்டு வாரம் விடுமுறை. திரும்பி வந்த முதல் நாள் மிளகு அட்டையைக் காட்டினாள்.

"வணக்கம்! நாம் இப்போதுதான் முதல்முறை சந்திக்கிறோம்," என்றது மொட்டை. "எட்டு நான்கைவிடப் பெரியது. ஆகவே எட்டில் ஒரு பங்கு..."

மிளகு அட்டையைத் திருப்பிக் காட்டினாள். துடைத்துக் காட்டினாள். பிறகு டீச்சரிடம் ஓடி வந்தாள். "டீச்சர், மொட்டைக்கு என்னைத் தெரியல."

விடுமுறையில் கம்பெனி எதையோ புதுப்பித்திருக்கிறது, எல்லாப் பிள்ளைகளின் பதிவும் அழிந்துவிட்டது. மற்ற பிள்ளைகளுக்கு அது ஒரு வேடிக்கை. "மொட்டைக்கு மறதி" என்று சிரித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார்கள். மிளகு மட்டும் மேசைக்குப் போக மறுத்தாள். "நான் சொல்லிக்கொடுத்ததெல்லாம் எங்க டீச்சர் போச்சு?" என்று கேட்டாள். அழவில்லை. பதில் வேண்டும் என்று நின்றாள்.

டீச்சர் உதவி எண்ணுக்குப் போன் போட்டார். பதினொரு நிமிடம் பாட்டுக் கேட்டார். 'உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம்' என்று ஒரு பெண் குரல் ஆறு தடவை சொன்னது. கடைசியில் ஓர் ஆள் லைனில் வந்து, "அணைச்சுட்டுத் திரும்பப் போட்டுப் பாருங்க மேடம்" என்றான்.

"பார்த்தாச்சு."

"இன்னொரு தடவை பாருங்க."

இரண்டாம் நாள் வேறொருவர். முதல் நாள் சொன்னதெல்லாம் அவருக்குத் தெரியாது. எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லச் சொன்னார். அப்புறம் ரோபோவின் பாதத்துக்கு அடியில் இருக்கும் எண்ணைப் படிக்கச் சொன்னார். பதினான்கு இலக்கம். டீச்சர் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு மொட்டையைத் தலைகீழாகப் பிடித்தார்.

"நான் விழுந்துவிட்டேனா?" என்றது மொட்டை.

"ஒன்பது, ஒன்பது, நாலு..."

"யாராவது என்னைத் தூக்கிவிடுவீர்களா?"

"கொஞ்சம் சும்மா இரு! உங்களைச் சொல்லல சார். ஒன்பது, ஒன்பது, நாலு, பூஜ்யம்..."

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். டீச்சருக்கு உள்ளங்காலிலிருந்து எரிச்சல் ஏறியது. மூன்றாம் நாள், நான்காம் நாள் எல்லாம் இதே கதை. ஐந்தாம் நாள் குரலை உயர்த்திப் பேசினார். அதற்கு மறுநாளே பழுதுபார்க்க ஆள் வந்துவிட்டார். இதை முதலிலேயே செய்திருக்கலாமே என்று அதற்கும் எரிச்சல் வந்தது.

வந்தவர் நடுத்தர வயது மெக்கானிக். தோளில் பை, காதில் பேனா. நிதானமான மனிதர். பிள்ளைகள் விளையாடப் போயிருந்த நேரம். மொட்டையின் முதுகைத் திறந்து ஒரு கம்பியை இணைத்து, மடியில் வைத்த திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"என்ன வேணும் மேடம் உங்களுக்கு?"

"பழைய பதிவு வேணும். ஒரு பொண்ணு ஆறு வாரம் உயிரைக் குடுத்துச் சொல்லிக்கொடுத்திருக்கா. அது கத்துக்கிட்டதெல்லாம் திரும்ப வரணும்."

மெக்கானிக் நிமிர்ந்து பார்த்தார். பிறகு சங்கடமாகச் சிரித்தார். "அது எதையும் கத்துக்கல மேடம்."

"என்ன சொல்றீங்க?"

"அதுக்கு எல்லாக் கணக்கும் முன்னாடியே தெரியும். முதல் வாரம் முழுக்கத் தப்பாச் சொல்லும். மூணாவது வாரம் பாதி தப்பு. ஆறாவது வாரம் எல்லாம் சரி. பிள்ளைங்க என்ன சொன்னாலும் அட்டவணை அதான். உங்களுக்குப் பயிற்சியில சொல்லலையா?"

"கத்துக்கும்னுதான் சொன்னாங்க."

"கையேட்டுல நாற்பத்தொண்ணாம் பக்கத்துல இருக்கும்." அவர் குரலைத் தாழ்த்தினார். "பிள்ளைங்ககிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. தெரிஞ்சா அதுங்க சொல்லிக்கொடுக்காது. அதுவும் அதே பக்கத்துல போட்டிருக்கும்."

டீச்சர் மொட்டையைப் பார்த்தார். முதுகு திறந்து கிடந்தாலும் அது இன்னும் மலர்ந்த முகத்தோடுதான் இருந்தது.

"அந்தப் பொண்ணுக்கு எத்தனாவது வாரம் வைக்கட்டும்?" என்றார் மெக்கானிக், சட்டைக்குக் கை எவ்வளவு நீளம் வேண்டும் என்று கேட்பதுபோல.

"ஆறு," என்றார் டீச்சர்.

அந்த ஒரு சொல்லுக்காக அவர் பிறகு எத்தனையோ தடவை தன்னைத்தானே திட்டிக்கொண்டார். ஆனால் அந்த நேரத்தில் அவருக்கு மிளகின் முகம்தான் கண் முன்னால் இருந்தது. அறுபத்தேழும் இருந்தது.

மறுநாள் மிளகு அட்டையைக் காட்டினாள். "மீண்டும் சந்திப்பதில் மகிழ்ச்சி! நான்கில் ஒரு பங்குதான் பெரியது. நீ கற்றுக்கொடுத்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது," என்றது மொட்டை.

மிளகின் முகம் பளிச்சென்று ஆனது. "எப்படிச் சொல்லிக்கொடுத்தேன், சொல்லு பாப்போம்!"

"ஒரு ரொட்டியை நான்கு பேர் பகிர்ந்தால் ஒருவருக்குப் பெரிய துண்டு கிடைக்கும்."

"ரொட்டியா?" மிளகு அதையே உற்றுப் பார்த்தாள். "நான் ரொட்டின்னு சொல்லவே இல்லியே."

"நீ மிகச் சிறந்த ஆசிரியர்!" என்றது மொட்டை.

டீச்சர் அலமாரிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தார். போய் ஏதாவது சொல்லியிருக்கலாம். நோட்டுத் திருத்தப் போய்விட்டார்.

அடுத்த பாடம் தசம எண்கள். மூன்று வாரத்தில் முடியும் பாடம் என்பதால் மொட்டையின் அட்டவணையும் மூன்று வாரம்தான். மிளகு ஒழுங்காக முறை தவறாமல் போனாள். முன்பைவிட அமைதியாகப் போனாள். துணி, கத்தரிக்கோல் எதுவும் கொண்டுபோகவில்லை. ஒரு நோட்டு மட்டும் கொண்டுபோனாள். பரவாயில்லை, மனசு ஆறிவிட்டது என்று டீச்சர் நினைத்துக்கொண்டார்.

மூன்றாவது வாரக் கடைசியில் எல்லோரும் கிளம்பிய பிறகு மிளகு மட்டும் டீச்சரின் மேசைக்கு வந்து நின்றாள். நோட்டைப் பிரித்து வைத்தாள்.

"டீச்சர், பூஜ்யம் புள்ளி நாலு பெருசா, பூஜ்யம் புள்ளி மூணு அஞ்சு பெருசா?"

"புள்ளி நாலு. உனக்குத்தான் தெரியுமே."

"தெரியும். ஆனா மொட்டகிட்ட நான் மாத்திச் சொன்னேன். முப்பத்தஞ்சு நாலவிடப் பெருசு, அதனால புள்ளி மூணு அஞ்சுதான் பெருசுன்னு சொன்னேன். ரெண்டு தடவ. அப்புறம் ஒரு தடவ ஒண்ணுமே சொல்லல. பன்னெண்டு நிமிஷமும் வாய மூடிக்கிட்டு உக்காந்திருந்தேன். அது, 'அருமையான விளக்கம்'னுது."

டீச்சருக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"அப்புறம் இன்னைக்குக் கேட்டேன். புள்ளி நாலுதான் பெருசுன்னு சரியாச் சொல்லுது. 'நீ கற்றுக்கொடுத்ததால்தான்' அப்படிங்குது. நான் தப்பாத்தானே சொல்லிக்கொடுத்தேன்? அது எப்படி சரியாக் கத்துக்கும்?" நோட்டில் தேதி போட்டு ஒவ்வொரு நாளும் அவள் சொன்னது ஒரு பக்கம், மொட்டை சொன்னது ஒரு பக்கம் என்று கோடு போட்டு எழுதியிருந்தாள். எழுத்து கோழி கிளறியதுபோல இருந்தது. ஆனால் விட்டுப்போன வரி ஒன்றுகூட இல்லை.

"அதுக்கு முன்னாடியே தெரியும், இல்ல டீச்சர்?"

"ஆமாம்மா."

"தெரியாத மாதிரி நடிச்சுது."

"ஆமா."

மிளகு நோட்டில் கடைசி வரிக்குக் கீழே ஒரு கோடு போட்டாள். பிறகு அடுத்த கேள்வி வந்தது. டீச்சர் பயந்துகொண்டிருந்த கேள்வி. "உங்களுக்கு எப்ப தெரியும்?"

"மூணு வாரமா."

அவள் நோட்டை மூடிப் பைக்குள் வைத்தாள். ஜிப்பை இழுத்தாள். அது பாதியில் சிக்கிக்கொண்டது. அதோடு மல்லுக்கட்டிக்கொண்டே, டீச்சரைப் பார்க்காமலே வாசலைத் தாண்டிப் போய்விட்டாள்.

இது இத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. திங்கட்கிழமை காலை தையல்காரர் போனைக் கையில் பிடித்தபடி பள்ளிக்கு வந்து நின்றார். கழுத்தில் அளவு நாடா அப்படியே தொங்கியது. கடையைப் பாதியில் போட்டுவிட்டு வந்திருக்கிறார்.

"டீச்சர், இது என்னன்னு கொஞ்சம் பாருங்க. போன தடவ 'மிக நன்று'ன்னு வந்துச்சு. இப்ப என்னமோ வந்திருக்கு. வீட்ல அவ ஒரு வார்த்தை பேச மாட்டேங்கறா."

திரையில் எழுதியிருந்தது: 'தசம எண்கள். கருத்துத் தெளிவு: குறைவு. ஈடுபாடு: மிகக் குறைவு. மாணவர் எளிய கணக்குகளுக்கான இரண்டாம் நிலையிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும்.'

மொட்டை எல்லாவற்றையும் பதிவு செய்திருக்கிறது. மிளகு சொன்ன தப்புகளை, அவள் பேசாமல் இருந்த பன்னிரண்டு நிமிடத்தை. அதை வைத்து எங்கேயோ இருக்கும் ஒரு கணினி மார்க் போட்டு, டீச்சருக்குக்கூடத் தெரியாமல் நேரே வீட்டுக்கு அனுப்பிவிட்டது.

டீச்சர் நடந்ததை எல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னார். தான் சொல்லாமல் மறைத்ததையும் சேர்த்து. தையல்காரர் நின்றபடியே கேட்டார். முடித்ததும் கழுத்து நாடாவை ஒரு கையால் இழுத்து இழுத்து விட்டுக்கொண்டே சொன்னார்.

"அப்ப எம்பொண்ணு அந்த மெஷினுக்குப் பரீட்சை வெச்சிருக்கா. அதுக்கு மெஷின் அவள ஃபெயில் பண்ணிடுச்சு."

"அதேதான் சார்."

"நல்ல கூத்தா இருக்கே." அவர் சிரித்தார். ஆனால் சிரிப்பு முகத்தில் தங்கவில்லை, அங்குமிங்கும் அலைந்துவிட்டுப் போய்விட்டது. "அவ பெரியவகிட்ட இதக் காட்டல டீச்சர். போன தடவ மார்க்க ஊர் பூரா காட்டினா. இத மாத்திடுவீங்கல்ல?"

"மாத்திடறேன்," என்றார் டீச்சர்.

மாற்ற முடியவில்லை. அவர் மிளகைத் தனியாக உட்காரவைத்துத் தாளில் இருபது தசமக் கணக்குகள் கொடுத்தார். அவள் பேசாமல் வாங்கி, பேசாமல் போட்டு, பேசாமல் திருப்பிக் கொடுத்தாள். பத்தொன்பது சரி. அந்தத் தாளை எடுத்துக்கொண்டு டீச்சர் தலைமையாசிரியையிடம் போனார்.

"தாள் மார்க்கெல்லாம் இந்தத் திட்டத்துல செல்லாதும்மா," என்றார் தலைமையாசிரியை. நல்லவர்தான். ஆனால் ஓய்வுபெற இரண்டே வருடம் இருந்தது. "நிலை எல்லாம் அதுவே போடறது. நம்ம கை வெக்க முடியாது."

"பொண்ணுக்குத் தெரியும்மா. கண்ணு முன்னால போட்டிருக்கா."

"எனக்குப் புரியுது. அதுக்குப் புரியணுமே." அவர் கணினித் திரையைச் சுட்டிக்காட்டினார். "குறிப்புன்னு ஒரு கட்டம் இருக்கு. அதுல வேணா எழுதுங்க."

அந்தக் கட்டத்தில் நூறு எழுத்துதான் பிடிக்கும். டீச்சர் எழுதினார், அடித்தார், சுருக்கினார். 'மாணவி ரோபோவைச் சோதிக்க வேண்டுமென்றே தவறாகச் சொன்னாள்' என்பதற்கே பாதிக் கட்டம் போய்விட்டது. கடைசியில் அனுப்பியதும் ஒரு வரி வந்தது: 'உங்கள் கருத்துக்கு நன்றி.' திட்ட அலுவலகத்துக்குத் தனியாகவும் கடிதம் எழுதினார். மிளகின் நோட்டைக் கேட்டு வாங்கி அந்தப் பக்கங்களைப் படம் பிடித்து இணைத்தார். அதற்கும் 'உங்கள் கருத்துக்கு நன்றி' வந்தது. போன் செய்தார். பாட்டு. அதே பாட்டு. டீச்சர் அந்த மெட்டைத் தன்னையறியாமல் சமையலறையில் முணுமுணுக்கப்போக, அவருடைய கணவர், "பாட்டெல்லாம் பலமா இருக்கே, என்ன சந்தோஷம்?" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார்.

நோட்டைத் திருப்பிக் கொடுத்த அன்றுதான் மிளகு மூன்று வாரம் கழித்து வாயைத் திறந்தாள்.

"நான் இத யார்கிட்டயும் சொல்லல டீச்சர். கிளாஸ்ல ஒருத்தருக்கும் தெரியாது."

"ஏன் சொல்லல?"

"நான் சொன்னா, ரெண்டாம் நிலைக்குப் போனதால பொறாமைல சொல்றேன்னு சொல்வாங்க." கொஞ்சம் நிறுத்தினாள். "நீங்க சொல்லணும்."

கையேட்டில் உள்ளபடியே நடப்பேன் என்று பயிற்சியின்போது அவர் படிக்காமலே கையெழுத்துப் போட்ட தாள் அலுவலக அறையில் இருந்தது. நாற்பத்தொன்றாம் பக்கத்தை டீச்சர் இப்போது மனப்பாடமாகவே சொல்வார். அதில் எழுதியிருப்பது பொய்யும் இல்லை. பதினெட்டு அறுபத்தேழாக ஆனது மொட்டையின் நடிப்பால்தான். இன்னும் முப்பது பிள்ளைகள் அந்த நடிப்பை நம்பித்தான் மேசைக்குப் போகிறார்கள். அதைக் கெடுத்துவிடலாமா என்று அவர் மூன்று நாள் குழம்பினார். நான்காம் நாள், கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தவர், சாக்பீஸை வைத்துவிட்டுத் திரும்பிச் சொல்லிவிட்டார். மொட்டைக்கு முதலிலிருந்தே எல்லாம் தெரியும். அது தெரியாத மாதிரி பேசுகிறது. நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். இதைக் கண்டுபிடித்தது மிளகு.

பிள்ளைகள் அலமாரிப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.

"அது பொம்மதானே டீச்சர், எனக்கு அப்பவே தெரியும்," என்றான் முன்வரிசையில் ஒருவன். அவன் எல்லாவற்றுக்கும் அப்படித்தான் சொல்வான்.

ஜன்னலோரம் இருந்த ஒரு பெண் எழுந்து நின்றாள். "அப்ப நான் சொன்னது ஒண்ணும் அதுக்குக் கேக்கவே இல்லையா?"

"கேரம் ஆடறப்போ எங்கப்பா வேணும்னே தோத்துப்போவாரு," என்றாள் இன்னொருத்தி. "அந்த மாதிரிதானே டீச்சர்?"

டீச்சர் பதில் தேடுவதற்குள் மிளகு முந்திக்கொண்டாள். "உங்கப்பா தோத்துட்டு உன்னப் பாத்துச் சிரிப்பாருல்ல? அப்ப உனக்குத் தெரிஞ்சுடும்ல? இது சிரிக்கல. நான் சொல்லித்தான் புரிஞ்சுதுன்னு சொல்லிச்சு."

கடைசி வரிசையிலிருந்து ஒருவன் அட்டையைத் தூக்கிக் காட்டினான். "டீச்சர், இப்ப என் முறை. போகட்டுமா, வேணாமா?"

"போ," என்றார் டீச்சர் களைத்துப்போய். அவன் போனான். அலமாரிக்குப் பின்னாலிருந்து, "டேய் மொட்ட, நடிக்காத, எனக்கு எல்லாம் தெரிஞ்சுபோச்சு" என்ற குரலும், "நீ மிகச் சிறந்த ஆசிரியர்" என்ற பதிலும் கேட்டன.

விஷயம் இரண்டு நாளில் மேலே போய்விட்டது. எந்தப் பிள்ளை வீட்டில் சொன்னதோ தெரியவில்லை. தலைமையாசிரியை கூப்பிட்டு, "உங்களுக்கு எதுக்கும்மா இந்த வேண்டாத வேலை?" என்று வருத்தத்தோடு ஒரு கடிதத்தை நீட்டினார். மிளகுக்காக எழுதிய கடிதத்துக்கு நன்றி மட்டும் சொன்ன திட்ட அலுவலகம் இதற்கு மட்டும் இரண்டே நாளில் பதில் எழுதியிருந்தது. ஐந்தாம் வகுப்பின் முடிவுகள் பாதிக்கப்பட்டுவிட்டதால் அந்த வகுப்பு திட்டத்திலிருந்து நீக்கப்படுகிறது. ரோபோ நான்காம் வகுப்புக்கு மாற்றப்படுகிறது. மாணவர்களின் நிலைகள் கடைசியாகப் பதிவானபடியே இருக்கும்.

"கடைசியாகப் பதிவானபடியேன்னா? அப்ப மிளகு ரெண்டாம் நிலையிலயேவா?"

"அப்படித்தான் போலருக்கு," என்றார் தலைமையாசிரியை.

மொட்டையை நான்காம் வகுப்புக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து புதுப் பிள்ளைகளின் கூச்சல் கேட்டது. அவர்களுக்கு யாரும் எதுவும் சொல்லப் போவதில்லை. டீச்சர் தையல்காரரின் கடைக்கு நடந்தே போய், "மாத்திடறேன்னு சொன்னேன், முடியல சார்" என்று சொல்லிவிட்டு வந்தார். அவர் ஒரு பேண்டின் தையலைப் பிரித்துக்கொண்டே, "நீங்க வந்து சொன்னீங்களே, அது போதும் டீச்சர்" என்றார். அது போதாது என்று இருவருக்குமே தெரிந்திருந்தது.

மறுநாள் கணக்கு வகுப்பு முடிந்ததும் மிளகு டீச்சரின் மேசைக்கு வந்தாள். தானாகவே வந்தாள்.

"டீச்சர், நான் அதுக்குச் சொல்லிக்கொடுத்தது பொய்யாப் போச்சு. ஆனா எனக்குக் கணக்கு வந்தது நிஜம்தானே?"

"நிஜம்தான்."

"அதான் எனக்குக் கோவமா வருது," என்றாள். "ஒண்ணும் வராம இருந்திருந்தா, சீ போடான்னு விட்டிருப்பேன்."

டீச்சருக்கும் அதே கோபம்தான். நாற்பது வயதில் அதை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லத் தெரியவில்லை. பேச்சை மாற்றப் புத்தகத்தைப் பிரித்தார். "சரி வா, உக்காரு. அடுத்த பாடம் சதவீதம். ஐம்பதுல பாதி எவ்வளவு, சொல்லு?"

மிளகு உட்காரவில்லை. "பாத்தீங்களா, நீங்களும் தெரிஞ்சுகிட்டேதான் கேக்கறீங்க."

"ஆமா. ஆனா எனக்குத் தெரியும்னு உனக்குத் தெரியுமே."

அவள் யோசித்தாள். முகத்தில் இறுக்கம் முழுக்கப் போகவில்லை. நாற்காலியைக் காலால் தள்ளி, கொஞ்சம் தூரமாகவே போட்டு உட்கார்ந்தாள்.

"இருபத்தஞ்சு," என்றாள். "இவ்ளோ சுலபமாக் கேக்காதீங்க டீச்சர். நான் ஒண்ணும் ரெண்டாம் நிலை இல்ல."